ராணுவ லாரிகளில் முன்கணிப்புப் பராமரிப்பு: புதிதாக இறங்கும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்சார் கட்டத் தெரியும், மென்பொருள் எழுதத் தெரியும், ராணுவத்துக்கு ஏதாவது செய்து விற்கலாம் என்று கோவையிலும் ஓசூரிலும் சென்னையிலும் பல சிறு நிறுவனங்கள் கிளம்பியிருக்கின்றன. வண்டி படுத்துக்கொள்ளும் முன்பே சொல்லிவிடும் ஒரு பெட்டி என்பதுதான் அவர்களில் பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. யோசனையில் தப்பில்லை, வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். பெட்டியை முதலில் செய்துவிட்டு அதற்கேற்ற பழுதைப் பிறகு தேடுகிறார்கள். காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளி, அங்கேயே ஒரு வருடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

கீழே உள்ள வரிசை இந்திய ராணுவத்தின் 24 வோல்ட் டீசல் லாரிகளுக்கானது. டாங்கிக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. எந்த வண்டி என்று முதலில் தீர்மானியுங்கள்

ராணுவத்தில் வண்டிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். ‘ஏ’ என்றால் டாங்கி போன்ற கவச வண்டிகள், ‘பி’ என்றால் லாரி, ஜீப் வகை, ‘சி’ என்றால் மண் அள்ளும், பாதை போடும் இயந்திரங்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் இன்ஜின் தொழிற்சாலையும் இருப்பதால் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு டாங்கி மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் முதல் முயற்சிக்கு ‘பி’ வண்டிதான் சரி. எண்ணிக்கை அதிகம், அனுமதிச் சிக்கல் குறைவு, இன்ஜினும் உங்கள் ஊர் மெக்கானிக்குக் கொஞ்சம் பழக்கமானது. அசோக் லேலண்ட் ஸ்டாலியன், டாடா எல்பிடிஏ இரண்டும் பல ஆண்டுகளாக ஓடும் வண்டிகள்.

பெரும்பாலோர் விழும் முதல் பள்ளம் இங்கேதான். ‘ஜே1939 (லாரியின் மின்னணுப் பாகங்கள் தரவு பரிமாறும் தரம்) கேபிளைச் செருகினால் எல்லாத் தரவும் வந்துவிடும்’ என்று திட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். ஸ்டாலியனின் பழைய தொகுதிகளில் இயந்திர வகை டீசல் பம்புதான் இருக்கிறது. இசியூ என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி கிடையாது, செருக இடமும் கிடையாது. சுற்று வேகத்தை ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனையிலிருந்து எடுக்க வேண்டும், ஆயில் பிரஷருக்கும் கூலன்ட் வெப்பத்துக்கும் தனி சென்சார் போட வேண்டும். புதிய தொகுதிகளில் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கலாம். அதனால் ‘ஸ்டாலியன்’ என்று மட்டும் எழுதாமல் எந்த ஆண்டுத் தொகுதி, எந்த பம்பு, பேட்டரி மாஸ்டர் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்பதுவரை எழுதுங்கள். ஒரே பிரிவில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருப்பது சகஜம்.

2. சென்சாரை மறந்துவிட்டு பழுதுப் பட்டியல் போடுங்கள்

பிரிவின் பணிமனையில் (ராணுவத்தின் பழுதுபார்க்கும் படையான ஈஎம்ஈ நடத்துவது) வண்டி வாரியாக லாக் புக் இருக்கும். வண்டி ஓடாமல் நின்ற நாட்களை ‘விஓஆர்’ என்று குறிப்பார்கள். கடைசி மூன்று வருடப் பதிவை அங்கேயே உட்கார்ந்து படிக்க அனுமதி கேளுங்கள். நகல் கேட்டால் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். வண்டி எண் இல்லாமல், ‘என்ன பழுது, எத்தனை முறை, எத்தனை நாள் நின்றது’ என்ற மூன்று பத்திகளை மட்டும் பணிமனை அதிகாரியின் கண் முன்பே எழுதி, அவரிடமே காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும், எத்தனை முறை பழுதானது என்பதை எத்தனை நாள் நின்றது என்பதால் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், கூலன்ட் கசிவு, ஏர் பிரேக் கசிவு, கிளட்ச், நாசில் போன்றவை மேலே வந்து நிற்கும். ‘இன்ஜின் சீஸ்’ அபூர்வம், வந்தால் பெரிய செலவு. மூன்று பழுதுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஆசைப்பட்டால் பத்தும் அரைகுறையாகத்தான் வரும்.

பதிவுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘மாற்றப்பட்டது’ வேறு, ‘பழுதானது’ வேறு. கால அட்டவணைப்படி நல்ல பேட்டரியையே கழற்றியிருப்பார்கள். பக்கத்து வண்டிக்குத் தேவைப்பட்டது என்று இந்த வண்டியின் ஆல்டர்னேட்டரைக் கழற்றியதும் உண்டு. இரண்டையும் பழுது என்று எண்ணி, பழுதைக் கணிக்கும் மாடலுக்குக் கொடுத்தால் அது கற்றுக்கொள்வது பழுதை அல்ல, ஸ்டோரின் பழக்கத்தை.

இன்னொன்று. சரக்கு லாரி ஓடியே தேயும், ராணுவ லாரி நின்றே தேயும். வருடத்துக்குச் சில ஆயிரம் கி.மீ. மட்டும் ஓடி, மீதி நாள் ஷெட்டில் நிற்கும் வண்டிகள் ஏராளம். ஆயில் சீல் காயும், பேட்டரி இறங்கும், டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும், பிரேக் டிரம்மில் துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் நீராவி ஆயிலில் தங்கும், எரியாத டீசல் லைனரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே கி.மீ. கணக்கு மட்டும் போதாது. நின்ற நாட்கள், குளிர் ஸ்டார்ட் எண்ணிக்கை, முழுச் சூடு ஏறாமல் அணைத்த எண்ணிக்கை மூன்றும் உங்கள் தரவில் இருக்க வேண்டும். வணிக லாரிக்கென்று செய்த மென்பொருளில் இவை இருப்பதில்லை.

3. காகிதங்களை அதே வாரத்தில் தொடங்குங்கள்

உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு): ஆதார், பான் போதும். இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. ‘பதிவுக் கட்டணம்’ கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், ஏமாறாதீர்கள். இந்தப் பதிவு இருந்தால் சிறு, குறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி டெண்டரில் பிணைத்தொகை (இஎம்டி) கட்டுவதிலிருந்து விலக்கு கேட்கலாம்.

டிபிஐஐடி (மத்திய தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை) ஸ்டார்ட்அப் அங்கீகாரம்: இதுவும் இலவசம். நிறுவனத்தின் நோக்க விவரத்தில் பாதுகாப்புக் கருவி என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆடிட்டரிடம் சொல்லித் திருத்துங்கள்.

மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம்: பாதுகாப்புத் துறையின் மின்கொள்முதல் தளத்துக்கு இது வேண்டும். கையொப்பம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடைசி நாளில் கணினி முன் உட்கார வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால் டெண்டர் போயிற்று.

உதிரிப் பட்டியல்: ஒவ்வொரு ஐசி, ஒவ்வொரு கனெக்டர், ஒவ்வொரு மாட்யூலும் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று எழுதி, ஆதாரத்துடன் வையுங்கள். நில எல்லை பகிரும் நாடுகளின் ஏலதாரர்கள் குறித்து 2020 ஜூலையில் வந்த உத்தரவுக்குப் பிறகு இந்தக் கேள்வி ஒவ்வொரு மட்டத்திலும் வருகிறது. மலிவு மாட்யூலை வைத்து மாதிரியைச் செய்துவிட்டு, ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டால், மாற்றும்போது போர்டு, ஃபர்ம்வேர், சோதனை அறிக்கை மூன்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பணம்: ஐடெக்ஸ் என்ற, பாதுகாப்புத் துறையில் புதுமைகளுக்கு மானியம் தரும் அரசுத் திட்டத்தில் சாதாரணப் பிரிவின் மானிய உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய், ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி, அதிதியில் 25 கோடி. அறிவிக்கப்பட்ட சவால்களில் உங்கள் விஷயம் இல்லையென்றால் திறந்த சவால் வழியாக நீங்களே பிரச்சினையை முன்வைக்கலாம். முழுச் செலவையும் அவர்கள் தருவதாக எண்ணிவிடாதீர்கள். பாதி உங்களுடையது. திட்டச் செலவு 2 கோடி என்றால் 1 கோடிக்கு நீங்கள் வழி காட்ட வேண்டும். மானியமும் மைல்கல் வாரியாகத் தவணையில்தான் வரும். ஒரு மைல்கல்லை முடித்து, அதை அவர்கள் பார்த்து, பணம் இறங்கும்வரை சம்பளம் உங்கள் கையிலிருந்துதான் போகும். விண்ணப்பத்திலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆறு மாதச் சம்பளம் கையிருப்பில் இல்லாமல் இறங்காதீர்கள்.

மைல்கல்லை எழுதும்போது உங்கள் கையில் இருக்கும் வேலையை மட்டும் எழுதுங்கள். ‘20 வண்டிகளில் பொருத்தி முடித்தல்’ என்று எழுதினால், பிரிவு பயிற்சிக்குக் கிளம்பிவிட்ட மூன்று மாதமும் உங்கள் தவணை நிற்கும். ‘20 பெட்டிகள் தொழிற்சாலைச் சோதனை முடிந்து தயார்’ என்று எழுதுங்கள்.

4. முதல் முடிவை ஆயிலில் தேடுங்கள்

பெட்டியே இல்லாமல், வண்டியில் எதையும் மாட்டாமல், முதல் மாதத்திலேயே ஏதாவது சொல்ல முடிந்தால் பணிமனையில் உங்கள் பேச்சு எடுபடும். அதற்கு ஆயில் பரிசோதனைதான் வழி. ஒரு சாம்பிளுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

எடுக்கும் விதம்: வண்டியை ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அணைத்த அரை மணிக்குள் எடுங்கள். டிப் ஸ்டிக் குழாய் வழியே கை பம்பால் உறிஞ்சுங்கள். டிப் ஸ்டிக்கின் நீளத்தை அளந்து, ஆயிலின் நடுமட்டம்வரை மட்டும் டியூபை விடுங்கள், அடியைத் தொட்டால் கசடு வரும். வண்டிக்கு ஒரு புது டியூப். 100 மி.லி. பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பினால் போதும். டிரெய்ன் போல்ட்டைத் திறந்து முதலில் கொட்டுவதைப் பிடிக்கவே கூடாது.

லேபிளில் நான்கு எண்கள் இல்லாத சாம்பிளை ஆய்வகத்துக்கே அனுப்பாதீர்கள்: இன்ஜின் ஓடிய மணி, இந்த ஆயில் ஓடிய மணி, கடைசியாக மாற்றிய தேதி, இடையில் ஊற்றிய லிட்டர். நான்காவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். பாதிப் புது ஆயில் ஊற்றிய இன்ஜினில் இரும்பின் அளவு பாதியாகக் காட்டும், தேய்மானம் குறைந்துவிட்டதாக நீங்கள் எழுதிவிடுவீர்கள். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணை அப்படியே பார்க்காமல், ஒரு மணி ஓட்டத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

படிக்கும் விதம்: இரும்பு ஏறினால் லைனர், கிராங்க், கியர். செம்பு, ஈயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்து ஏறினால் பேரிங். செம்பு மட்டும் ஏறினால் அவசரப்படாதீர்கள், ஆயில் கூலரிலிருந்தும் கரைந்து வரும். அலுமினியமும் சிலிக்கனும் கைகோத்து ஏறினால் தூசு உள்ளே போகிறது. ராஜஸ்தானில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டரை விட, ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் உள்ள ரப்பர் ஹோஸின் கிளாம்பை முதலில் பாருங்கள். சோடியமோ பொட்டாசியமோ வந்தால் கூலன்ட் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டையும் ஆயில் கூலரையும் சந்தேகப்படுங்கள். புதிதாக ஓவர்ஹால் ஆன இன்ஜினில் சிலிக்கன் மட்டும் தனியாக எகிறினால் பெரும்பாலும் அது கேஸ்கெட் பசை, தூசு அல்ல. இது தெரியாமல் ‘உடனே நிறுத்துங்கள்’ என்று அறிக்கை கொடுத்தால், அடுத்த அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆய்வகத்தில் இந்த உலோக அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சுமார் 8 முதல் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அதன் கண்ணில் சரியாகப் படாது. பேரிங் செதில் செதிலாக உதிரும்போது துகள் அதைவிடப் பெரிது. ‘இரும்பு அளவு சாதாரணம்’ என்று அறிக்கை வந்த மறுவாரம் இன்ஜின் படுப்பது இதனால்தான். கொஞ்சம் கூடுதல் செலவில் காந்தத் துகள் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து வெள்ளைத் துணியில் உதறிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

5. செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டத்தைப் பதியுங்கள்

ஒரே ஒரு கிளாம்ப், அதில் பேட்டரி, செல்ஃப், கம்ப்ரஷன் மூன்றின் நிலையும் தெரியும். இந்த வேலையில் இவ்வளவு மலிவான அளவீடு வேறு இல்லை என்பது என் கருத்து.

1,000 ஆம்பியர்வரை அளக்கும் ஹால் வகை (காந்தப்புலத்தை வைத்து அளக்கும்) டிசி கிளாம்பை பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மாட்டுங்கள். வினாடிக்குக் குறைந்தது 1,000 அளவீடு. டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்து, இன்ஜின் பிடிக்காதபடி ஐந்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பத்து வினாடியைத் தாண்ட வேண்டாம். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

வரைபடத்தில் முதலில் ஒரு பெரிய முகடு, பிறகு சீரான அலை. ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று கம்ப்ரஷன். செல்ஃப் 200 ஆர்பிஎம்மில் சுற்றினால் வினாடிக்குப் பத்து முகடு, ஐந்து வினாடிக்கு ஐம்பது. ஒவ்வொரு ஆறாவது முகடும் ஒரே சிலிண்டருக்கு உரியது. ஆறு ஆறாக அடுக்கிச் சராசரி எடுங்கள். ஒரு முகடு மட்டும் மற்ற ஐந்தையும் விடத் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு: ரிங், வால்வு அல்லது கேஸ்கெட்.

எந்தச் சிலிண்டர் என்பதில்தான் சிக்கல். நாசில் குழாயில் பீசோ கிளாம்ப் (அழுத்தத் துடிப்பை உணரும் கவ்வி) மாட்டி முதல் சிலிண்டரைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். டீசலையே நிறுத்தியிருப்பதால் குழாயில் அழுத்தம் வராது, பீசோ ஊமையாக இருக்கும். கிராங்க் புல்லியில் பிரதிபலிப்பு டேப் ஒட்டி ஒளி சென்சாரால் படிக்கலாம். ஆனால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முழுச் சுழற்சி, அதனால் ஒரு அடையாளம் இரண்டு சிலிண்டருக்குப் பொருந்தும். ஒன்றா ஆறா என்று முடிவு செய்ய அந்த இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் கேஜ் போடச் சொல்லுங்கள். ஆறுக்குப் பதில் இரண்டு என்பதே மெக்கானிக்குப் பெரிய மிச்சம்.

பேட்டரிக்கு இதே பதிவில் மின்னழுத்த இறக்கத்தைப் பாருங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருப்பதால் நடுப்புள்ளியிலிருந்தும் ஒரு வயர் எடுங்கள். மொத்தம் சரியாக இருந்து ஒன்று மட்டும் அதிகம் இறங்கினால், ஜோடியாக இரண்டையும் மாற்றத் தேவையில்லை என்று சிலர் நினைப்பார்கள். பழையதுடன் புதியதைச் சேர்த்தால் ஒன்றுக்கு அதிகச் சார்ஜ், மற்றதற்குக் குறைவு. ஜோடியாகவே மாற்றச் சொல்லுங்கள், கழற்றிய நல்லதை வேறு வயதொத்த பேட்டரியுடன் சேர்க்கலாம்.

வரம்பை ஊருக்கு ஊர் மாற்ற வேண்டும். ஈய அமில பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் தன் கொள்ளளவில் பாதியைத்தான் தரும். ஆவடியில் வைத்த வரம்பு லடாக்கில் எல்லா வண்டியையும் பழுது என்று சொல்லும். லே 3,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. புகை, வெளியேற்ற வெப்பம், டர்போ அழுத்தம் எதையும் சமவெளி எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

6. அதிர்வு சென்சாரைக் கடைசிக்கு வையுங்கள்

எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள், அதனால்தான் தடுமாறுகிறார்கள். கரடுமுரடான பாதையில் ஓடும்போது எடுத்த அதிர்வில் பாதையின் கதைதான் இருக்கும். வண்டி நிற்க, 1,200 ஆர்பிஎம்மில், சுமையில்லாமல், 60 விநாடி என்று ஒரே நிலையில் எடுத்தால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம். ஆறு சிலிண்டரில் எரிதல் மூன்றாம் ஆர்டரில் (சுற்று வேகத்தின் மூன்று மடங்கில்) வரும், அதாவது 1,200 ஆர்பிஎம்மில் 60 ஹெர்ட்ஸ். அரை ஆர்டர், இங்கே 10 ஹெர்ட்ஸ், வளர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. காந்தத்தால் ஒட்டிய சென்சார் உயர் அதிர்வெண்ணில் பொய் சொல்லும், பேரிங் பார்க்க வேண்டுமானால் திருகிப் பொருத்தியே ஆக வேண்டும்.

டாங்கியில் இன்னொரு தலைவலி. டி-72 சங்கிலியின் ஒரு கண்ணி 137 மி.மீ. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 73 கண்ணிகள் தட்டும். அந்த 73 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

7. பெட்டியின் கட்டமைப்பு

மின்சாரம்: 24 வோல்ட் வண்டி ஓடும்போது 28 வோல்ட் என்று எழுதியிருக்கும், நம்பாதீர்கள். ராணுவ வண்டி மின்சாரத்துக்கான அமெரிக்க ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-1275-இன் ‘டி’ பதிப்பு 250 வோல்ட் ஸ்பைக்கையும், பேட்டரி கழன்று ஜெனரேட்டர் மட்டும் ஓடும் நிலையில் 100 வோல்ட் சர்ஜையும் தாங்கச் சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். நீங்கள் பதிய வேண்டிய மிக முக்கியமான கணத்தில் பெட்டி ரீசெட் ஆகும். அந்தச் சில வினாடி தாங்கும் கெப்பாசிட்டர் கட்டாயம்.

தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டம்: 50 மில்லி ஆம்பியர் என்றால் சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, முப்பது நாளில் 36. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. பேட்டரிப் பழுதைக் கணிக்க வந்த பெட்டியே பேட்டரியைக் கொன்றதாகப் பெயர் வரும். 2 மில்லி ஆம்பியருக்குக் கீழே கொண்டுவாருங்கள், மாதத்துக்கு ஒன்றரை ஆம்பியர் மணிக்குள் அடங்கும்.

தண்ணீர்: ஐபி67 போதும் என்பது அடுத்த பொறி. அது மூழ்குவதற்கான தரம். லாரியை அதிக அழுத்த நீரால் கழுவும்போது அந்தத் தரம் உதவாது. ஐபி69கே பாருங்கள், அல்லது கழுவும் பீச்சல் படாத இடத்தில் பொருத்துங்கள்.

கனெக்டர்: 38999 என்ற ராணுவத் தர வட்டக் கனெக்டர் ஜோடி பல ஆயிரம் ரூபாய், வெளிநாட்டிலிருந்து வந்தால் பல வாரம் காத்திருப்பு. பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் சென்சார் விலை துல்லியமாகவும் வயரிங், கனெக்டர் விலை ஒரே வரியிலும் இருக்கும். நடைமுறையில் இரண்டாவதுதான் அதிகம் தின்கிறது.

பொருத்துதல்: துளை போடக் கூடாது, வெல்டிங் கூடாது, இருக்கும் வயரை வெட்டக் கூடாது. ஏற்கெனவே உள்ள போல்ட்டில் பிராக்கெட், சென்சார் இருக்கும் இடத்தில் ‘T’ வடிவ இணைப்பு. பிரேக் காற்றுக் குழாயைத் தொடவே தொடாதீர்கள்.

8. தரவு எங்கே போகிறது என்பதை எழுதிக் கொடுங்கள்

சிம் கார்டு கிடையாது, கிளவுட் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ‘மென்பொருளில் அணைத்து வைத்திருக்கிறோம்’ என்ற பதிலை ஏற்க மாட்டார்கள். மாட்யூலே போர்டில் இருக்கக் கூடாது. பென் டிரைவும் அனுமதி இல்லை. கேபிள் வழியாகப் பணிமனையின் இணைய இணைப்பில்லாத கணினிக்கு இறக்குவதுதான் வழி.

ஜிபிஎஸ் இல்லையென்றால் நேரமும் இல்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள சாதாரண (20 பிபிஎம்) கடிகாரம் மாதத்துக்கு ஒரு நிமிடம்வரை விலகும். ஒவ்வொரு இறக்கத்தின்போதும் நேரத்தைத் திருத்துங்கள், திருத்திய அளவையும் பதியுங்கள்.

இருப்பிடம் ஜிபிஎஸ்ஸில் மட்டும் இல்லை. காற்றழுத்தத்தைப் பதிந்தால் உயரம் தெரியும், உயரமும் வெப்பமும் தெரிந்தால் ஊர் தெரியும். ஓடிய மணிகளைக் கூட்டினால் பிரிவு எப்போது நகர்ந்தது என்பதும் தெரியும். இதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். வண்டி எண்ணுக்குப் பதில் குறியீடு, எந்தக் குறியீடு எந்த வண்டி என்ற பட்டியல் பிரிவிடம் மட்டும். மாடலைத் திருத்த எந்தெந்தப் பத்திகளை நீங்கள் வெளியே எடுக்கலாம் என்பது சோதனை தொடங்கும் முன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. பணிமனைக்குள் படம் எடுப்பதும் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. அலுவல் ரகசியச் சட்டம் உங்கள் ஊழியருக்கும் பொருந்தும்.

9. எச்சரிக்கை வரம்பைக் கணக்கு போட்டு வையுங்கள்

40 லாரிகள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்று உண்மையிலேயே பழுதாகப் போகிறது. உங்கள் கருவி 90 சதவீதம் சரியாகப் பிடிக்கும், நல்ல வண்டியில் 5 சதவீதம் தவறாகக் கத்தும். கேட்க நன்றாக இருக்கிறது. மாதத்துக்கு உண்மை எச்சரிக்கை 0.9, பொய் எச்சரிக்கை 39 வண்டியில் சுமார் 2. மூன்றில் இரண்டு பொய். வீணாகக் கழற்றிப் பார்க்கும் ஹவில்தார் மூன்றாவது மாதம் விளக்கின் மேல் டேப் ஒட்டிவிடுவார்.

அதனால் மூன்று நிலை வையுங்கள். பச்சை, ‘அடுத்த சர்வீஸில் பார்’, ‘இன்றே பார்’. கடைசி நிலைக்கு இரண்டு வெவ்வேறு அளவீடுகள் ஒத்துப்போக வேண்டும். மின்னோட்ட முகடும் ஆயிலும், அல்லது வெப்பமும் கூலன்ட் மட்டமும்.

இயந்திரக் கற்றல் பற்றி: வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பழுது கிடைக்கும் பிரிவில் நியூரல் நெட்வொர்க் பழக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு வண்டியையும் அதன் சொந்தப் பழைய எண்ணோடு ஒப்பிடும் எளிய வரம்பே முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். விண்ணப்பத்தில் செயற்கை நுண்ணறிவு என்று எழுத வேண்டியிருந்தால் எழுதுங்கள், வண்டியில் நம்ப வேண்டாம்.

10. சோதனை அறிக்கைகள்

பின்பற்ற வேண்டிய தரங்கள்: வெப்பம், அதிர்வு போன்ற சூழல் சோதனைக்கு ஜேஎஸ்எஸ் 55555, மின்காந்தக் குறுக்கீட்டுக்கு மில்-எஸ்டிடி-461. எந்தெந்தச் சோதனை, எந்த அளவு என்ற தகுதிச் சோதனைத் திட்டத்துக்குத் தர உறுதிப் பிரிவின் ஒப்புதல் கிடைக்கும் முன் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். ஒப்புதலுக்கு முன் செய்த சோதனை செல்லாது என்று சொன்னால் லட்சங்கள் போயின. சக்கர வண்டிக்கும் சங்கிலி வண்டிக்கும் அதிர்வு அளவு வேறு, பெட்டி எங்கே இருக்கும் என்பதைத் திட்டத்தில் தெளிவாக எழுதுங்கள்.

சென்னையில் தரமணியில் உள்ள சமீர் என்ற அரசு ஆய்வு மையத்தில் மின்காந்தச் சோதனை செய்யலாம், சூழல் சோதனைக்கு இடிடிசி என்ற அரசுச் சோதனை மையம் இருக்கிறது. இடம் கிடைக்கச் சில வாரம் முன்பே பதிய வேண்டும். முதலில் முறைசாரா முன்சோதனைக்கு அரை நாள் எடுங்கள். பெரும்பாலும் தோற்கும் இடம் ஆர்இ102, அதாவது பெட்டி வெளிவிடும் கதிர்வீச்சு. குற்றவாளி டிசி-டிசி மாற்றி (வண்டி மின்னழுத்தத்தைப் பெட்டிக்கு ஏற்ப மாற்றும் பாகம்). அதன் இரைச்சல் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸில் விழுந்தால் வண்டியின் ரேடியோவில் கரகரக்கும், அதை எந்தப் பிரிவும் பொறுக்காது.

பூஞ்சைச் சோதனை மட்டும் 28 நாள் ஓடும். ஆகவே ஒரே பெட்டியை வரிசையாக அனுப்பாமல் மூன்று செய்யுங்கள். ஒன்று பூஞ்சைக்கும் உப்புப் படிவுக்கும், ஒன்று அதிர்வு, வெப்பம், மின்காந்தத்துக்கு, ஒன்று கைவசம். எல்லாம் தடையில்லாமல் போனாலும் மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

11. வண்டியில் சோதனை ஓட்டம்

செலவில்லை, கட்டாயமில்லை என்ற அடிப்படையில்தான் சோதனை நடக்கும். பெட்டி, போக்குவரத்து, உங்கள் ஆட்களின் தங்கல் எல்லாம் உங்கள் செலவு. நன்றாக வந்தாலும் வாங்குவோம் என்ற உறுதி கிடையாது.

ஆறு மாதம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கோடையும் ஒரு குளிரும் பார்க்காத பேட்டரி வரம்புக்கு மதிப்பில்லை, பன்னிரண்டு மாதம் கேளுங்கள். பாதி வண்டிகளில் பெட்டி, பாதியில் இல்லாமல் விட்டு, இரண்டின் ‘விஓஆர்’ நாட்களையும் ஒப்பிடும்படி ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் கடைசியில் காட்ட எண் எதுவும் இருக்காது.

பயன்படுத்துபவர் ஜவான். திரையில் ஆங்கிலப் பத்தி வேண்டாம். படக்குறி, நிறம், ஹிந்தியில் ஒரு வரி. லேமினேட் செய்த ஒரு பக்க அட்டையை டேஷ்போர்டுக்குக் கீழே கட்டிவிடுங்கள், 60 பக்கக் கையேட்டை அலமாரியில் வைப்பார்கள்.

உங்கள் பக்கம் நின்ற அதிகாரிக்கு இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றம் வரும். தொலைபேசியில் சொன்ன எதுவும் அவருக்குப் பின் வருபவருக்குத் தெரியாது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வையுங்கள். எச்சரிக்கை வந்த தேதி, பணிமனை கழற்றிப் பார்த்த தேதி, உள்ளே கண்டது என்ன என்ற மூன்றும் ஒரே தாளில் வர வேண்டும். பொய்யான எச்சரிக்கையையும் அதே தாளில் ஏற்றுங்கள்.

சோதனை முடிந்து கழற்றும் நாளில் புதிய கேபிள் டை, பழைய போல்ட், துரு எண்ணெய் எடுத்துப் போங்கள். வண்டியை முன்பிருந்தபடி ஒப்படைத்ததாகவும், தரவு முழுவதும் பிரிவின் கணினியில் இருப்பதாகவும், உங்கள் மடிக்கணினியில் இருந்தது அழிக்கப்பட்டதாகவும் கூட்டுச் சான்று வாங்குங்கள். வண்டி வாரியாக, குறியீடு மட்டும் போட்டு, இரண்டு பிரதி: ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்கள் அடுத்த மைல்கல் தவணைக்கான கோப்புக்கு.